அந்த ஒரு மணித்தியாலம் யாருடையது?



ஒரு சமூகம் பெண்ணைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அறியச் சட்டப் புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டும் என்பதில்லை. அந்தச் சமூகத்தின் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். எத்தனை மணிக்குச் செய்தி, எத்தனை மணிக்குச் சமையல், எத்தனை மணிக்குப் பிள்ளைகளுக்கான கதை என்று ஒருவர் எங்கோ இருந்து எழுதுகிறார். அதை எழுதும்போது, இந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார், அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று ஒரு கணக்கும் போடுகிறார். அந்தக் கணக்கில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதுதான் இம்மாதம் நாம் சேர்ந்து சிந்திக்க வேண்டிய விடயம்.

முதலில் நமக்குப் பழக்கமான ஒரு நாளைப் பார்ப்போம். எங்கள் அம்மாமாரும் அம்மம்மாமாரும் வளர்ந்த காலத்தில் நாளை நடத்தியது இலங்கை வானொலி. இந்த நாட்டில் வானொலி 1925 இல் கொழும்பில் தொடங்கியது. 1949 இல் அது றேடியோ சிலோன் ஆனது. 1967 இல் கூட்டுத்தாபனமாக மாறியது. காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டால் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். சிறுவருக்குச் 'சிறுவர் மலர்' இருந்தது. அதை நடத்திய வானொலி மாமா சரவணமுத்துவைத் தெரியாத வீடு இல்லை. பெண்களுக்கு 'மங்கையர் மஞ்சரி' இருந்தது. 'இசையும் கதையும்' கேட்டு அடுப்படியில் கண்ணைத் துடைத்தவர்கள் பலர். இராஜேஸ்வரி சண்முகம் அறிவிப்பாளராகவும், சற்சொரூபவதி நாதன் செய்தி வாசிப்பாளராகவும் நம் வீடுகளுக்குள் வந்தார்கள். படித்த பெண்ணொருத்தி நாட்டின் செய்தியைத் தடுமாற்றமின்றி வாசிக்கிறாள் என்பதே அன்று பல பெண்பிள்ளைகளுக்கு ஒரு படிப்பினை.

மரண அறிவித்தலையும் மறக்க முடியாது. பாட்டுகளுக்கு நடுவே அது வரும்போது உலையில் அரிசி கொதித்தாலும் கை நின்றுவிடும். போர்க்காலத்தில், பாதைகள் அடைபட்டு, கடிதங்கள் மாதக்கணக்கில் தாமதித்தபோது, சொந்தத்தில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று பலர் அறிந்தது அந்த அறிவித்தலினால்தான்.

தொலைக்காட்சி நமக்குப் பிந்தி வந்தது. 1979 இல் கொழும்பில் சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கியது. 1982 பெப்ரவரி 15 இல் யப்பானின் உதவியுடன் ரூபவாஹினி வந்தது. அதில் தமிழுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். வடக்கின் கரையோரங்களில் வசதியுள்ளவர்கள் அன்டெனாவை உயர்த்திக் கட்டி, கடலுக்கு அப்பாலிருந்து தூரதர்ஷனைப் பிடித்தார்கள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் தொலைக்காட்சியுள்ள ஒரு வீட்டின் விறாந்தையில் அயல் முழுவதும் கூடியிருக்கும்.

பிறகு போர் வந்தது. மின்சாரம் போனது. 1990 இன் பின் வந்த பொருளாதாரத் தடையில் பற்றரியும் இல்லாமல் போனது. இந்தக் காலத்தை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்ட மக்கள் நாங்கள். இரவு இலண்டனிலிருந்து வந்த 'தமிழோசை' அந்நாளின் முக்கிய நிகழ்ச்சி. பீ.பீ.சி. 1941 இல் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. அதற்குத் தமிழோசை என்று பெயர் வைத்தவர் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம். அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30 உடன் நின்றது.

அண்மையில் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் இந்தக் கதை வந்தபோது ஒரு மூத்த அம்மா சிரித்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, பெடல் சுத்தினது நாங்கள். றேடியோவைத் திருகினது அவையள்." எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சமூகவியல் வகுப்பில் மூன்று வருடம் படித்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். உழைப்பு ஒருவருடையது, தெரிவு இன்னொருவருடையது.

இனி, 'தமிழோசை' வந்த அதே இலண்டனில் ஒரு தொலைக்காட்சி நாள் எப்படி இருந்தது என்று பார்ப்போம். அவர்களும் ஒரு பெரும் போரைக் கடந்து வந்தவர்கள் என்பதால் அந்தக் கதையில் நமக்கும் சில பாடங்கள் உண்டு.

இலண்டனில் அலெக்சாண்டிரா மாளிகை என்னும் கட்டடத்திலிருந்து 1936 நவம்பர் 2 இல் பீ.பீ.சி. ஒழுங்கான தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. முதல் அறிவிப்பாளர் மூவரில் இருவர் பெண்கள். ஜாஸ்மின் பிளை ஒருவர், எலிசபெத் கவல் மற்றவர். மூன்று வருடம் கூட முழுதாகப் போகவில்லை. 1939 செப்ரெம்பர் 1 இல் சேவை நிறுத்தப்பட்டது. ஒளிபரப்புக் கோபுரத்தின் அலைகள் எதிரி விமானங்களுக்கு வழிகாட்டிவிடும் என்ற அச்சம் ஒன்று. அதில் வேலை செய்த பொறியியலாளர்கள் ராடார் வேலைக்குத் தேவைப்பட்டார்கள் என்பது மற்றொன்று. அன்று கடைசியாகக் காட்டியவற்றில் ஒன்று மிக்கி மவுஸ் கார்ட்டூன். ஏறக்குறைய இருபதாயிரம் வீடுகளில் இருந்த பெட்டிகள் ஏழு வருடம் வரை இருண்டு கிடந்தன.

1946 யூன் 7 பிற்பகல் மூன்று மணிக்கு ஒளிபரப்பு மீண்டது. திரையில் தோன்றியவர் அதே ஜாஸ்மின் பிளை. தன்னை நினைவிருக்கிறதா என்று பார்ப்பவர்களிடம் கேட்டார். அதே மிக்கி மவுஸ் கார்ட்டூனையும் அன்று மறுபடி காட்டினார்கள். கார்ட்டூன் 1939 இல் பாதியில் அறுந்தது, ஏழு வருடத்தின் பின் அறுந்த இடத்திலிருந்தே தொடங்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அது உண்மையல்ல. போருக்கு முன்பே அது முழுவதும் காட்டி முடிந்திருந்தது. 1946 இல் முதலிலிருந்துதான் மறுபடி போட்டார்கள்.

இந்தத் திருத்தம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்" என்று நமக்கும் பலர் புத்தி சொல்கிறார்கள். 2007, 2008 இல் இலுப்பைக்கடவையிலிருந்தும் அயல் கிராமங்களிலிருந்தும் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, முள்ளிவாய்க்கால் வரை போய், முகாம்களில் இருந்து, பிறகு வந்து மீள்குடியேறிய பெண்ணுக்கு விட்ட இடம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? வீடு அதே காணியில் இருக்கலாம். வீட்டில் இருந்தவர்கள் இல்லை. அவள் முதலிலிருந்துதான் தொடங்குகிறாள்.

போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உணவுக்குப் பங்கீடு இருந்தது. போர் முடிந்து ஒன்பது வருடங்களின் பின்னர், 1954 யூலையில்தான் பங்கீடு முற்றாக நீங்கியது. சங்கக்கடையில் கூப்பனோடு நின்ற நமக்கு இது விளங்கும். ஆகவே அக்காலத் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி என்பது ஆடம்பரம் அல்ல. கிடைக்கும் கொஞ்சப் பொருளில் எப்படிச் சமைப்பது என்று காட்டுவது. போர்க்காலத்தில் உணவு அமைச்சில் வேலை செய்து பெண்களுக்குச் சிக்கனச் சமையல் சொல்லிக்கொடுத்த மார்கரீட் பற்றன் 1947 இல் தொலைக்காட்சிக்கு வந்தார். நிவாரணப் பருப்பையும் மாவையும் வைத்து எத்தனை விதமாகச் சமைத்தோம் என்று நினைத்துப் பாருங்கள். நம்மில் எத்தனையோ மார்கரீட் பற்றன்கள் இருந்தார்கள். அவர்களைக் காட்டத்தான் ஒரு கமரா இருக்கவில்லை.

1950களின் முதற்பகுதியில் அவர்களது ஒரு நாள் ஏறத்தாழ இப்படி இருந்தது. பகல் பெரும்பகுதி திரை வெறுமை. பிற்பகலில், மதிய உணவு முடிந்து பாத்திரம் கழுவிய பின், பெண்களுக்கான நிகழ்ச்சி. அதையொட்டி மிகச் சிறு பிள்ளைகள் தாயோடு இருந்து பார்க்கக் கால் மணித்தியாலப் பொம்மலாட்டம். 1950 இல் வந்த 'அன்டி பன்டி' என்ற பொம்மைதான் அதில் பெயர் பெற்றது. பிரீடா லிங்ஸ்ட்ரோம், மரியா பேர்ட் என்ற இரு பெண்களின் படைப்பு அது. பின்னேரம் ஐந்து மணிக்குப் பாடசாலைப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. இரவு நாடகம், பேச்சு, இசை, செய்திப்படம். பத்தரை, பதினொரு மணியளவில் எல்லாம் முடிந்துவிடும். இடையில் கருவி பழுதானால், ஒரு குயவர் சக்கரத்தில் மண் வனையும் படத்தைப் போடுவார்கள். திரையில் இரண்டு கைகளும் ஈரமண்ணும் மட்டும் தெரியும். நாடகத்தை மறந்தவர்கள் கூட அந்தக் கைகளை மறக்கவில்லை.

பெட்டி எல்லா வீட்டிலும் இல்லை. 1953 யூன் 2 இல் இரண்டாம் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவை ஏறத்தாழ இரண்டரை மில்லியன் பெட்டிகளில் இருபது மில்லியனுக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். ஒரு பெட்டிக்கு எட்டுப் பேர். நமது விறாந்தைக் கூட்டத்தைப் போலத்தான்.

அந்த நாளின் நிரலில் ஓர் இடைவெளி இருந்தது. பின்னேரம் ஆறு மணி தொடக்கம் ஏழு மணி வரை தொலைக்காட்சி மூடப்பட்டிருக்கும். பழுதல்ல, மின்வெட்டு அல்ல. வேண்டுமென்றே மூடினார்கள். சிறு பிள்ளைகளைப் படுக்க வைக்கவும், பெரிய பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யவும் அந்த ஒரு மணித்தியாலம் விடப்பட்டது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் திரை இருண்டதால், "பக்கத்து வீட்டில் பார்க்கினம்" என்று எந்தப் பிள்ளையும் அழ வழியில்லை.

1955 செப்ரெம்பரில் விளம்பரத்தில் வாழும் தனியார் தொலைக்காட்சி அங்கே வந்தது. மூடிய ஒரு மணித்தியாலம் அவர்களுக்கு நட்டம். அந்த நேரத்தில் விளம்பரம் விற்க முடியாதே. நெருக்குதல் கொடுத்தார்கள். பொறுப்பாக இருந்த அமைச்சர், பிள்ளைகளைப் படுக்கைக்கு அனுப்புவது பெற்றோரின் கடமை, அரசின் கடமையல்ல என்று முடிவெடுத்தார். 1957 பெப்ரவரி 16 உடன் அந்த இடைவெளி நீங்கியது. அன்று முதல் திரையை அணைக்கும் வேலை வீட்டிலிருக்கும் தாயின் தலையில் வந்தது.

இந்தக் கதையில் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் பெண்களுக்கான நிகழ்ச்சி வைத்தவர்கள், கணவன் வேலைக்குப் போக வீட்டில் இருக்கும் பெண்ணைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். தொழிற்சாலையில் நின்ற பெண் அதைப் பார்க்கவில்லை. ஆறு மணிக்குத் திரையை மூடியவர்களும் பிள்ளையைப் படுக்கவைப்பது தாயின் வேலை என்றே எண்ணினார்கள். நமது 'மங்கையர் மஞ்சரி' நேரத்தில் வயலில் நாற்று நட்ட பெண்ணும் அதைக் கேட்டிருக்க மாட்டாள். 1953 இல் பீ.பீ.சி. தொலைக்காட்சியின் பெண்கள் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக டொரீன் ஸ்டீவன்ஸ் என்ற பெண்ணை நியமித்தார்கள். நிரல் எழுதும் மேசையில் ஒரு பெண் இருப்பது நல்லது. ஆனால் எந்தப் பெண்ணின் நாள் அந்த மேசையில் இருக்கிறது என்பதும் பெரிய கேள்வி. உழைப்பவளும் தானே, சமைப்பவளும் தானே, தகப்பனின் இடத்தில் நிற்பவளும் தானே என்று வாழும் பெண்ணின் நாளை இன்றுவரை எந்த நிலையமும் எழுதவில்லை.

சரி, இன்றைக்கு வருவோம்.

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ 32 வீதியில் இருக்கும் எங்கள் கிராமங்களுக்கு மீள்குடியேற்றத்தின் பின் மின்கம்பிகள் வந்தன. வீட்டுத்திட்ட வீடுகள் எழுந்தன. கூரையில் டிஷ் வந்தது. இப்போது கையில் போனும் வந்துவிட்டது. சக்தி, வசந்தம், தமிழ்நாட்டு அலைவரிசைகள் என்று இருபத்துநாலு மணித்தியாலமும் ஓடுகின்றன. எந்த நேரமும் மூடப்படுவதில்லை. பின்னேரம் ஆறு மணிக்குத்தான் தொடர் நாடகங்கள் சூடுபிடிக்கின்றன.

எங்கள் குழுவில் ஒரு சிறு வேலை செய்து பார்த்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்து, ஒரு நாளின் 24 மணித்தியாலத்தையும் கோடு போட்டு நிரப்பச் சொன்னோம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுதினார். நாலரைக்கு எழும்புவது, தண்ணீர் அள்ளுவது, சமையல், பிள்ளைகள், கூலி வேலை அல்லது கருவாடு, மாடு, கடன் கட்டும் கூட்டம், மறுபடி சமையல். எல்லோருடைய தாளிலும் இருந்து செய்யும் காரியம் ஒன்றே ஒன்றுதான். தொலைக்காட்சி பார்ப்பது.

"மிஸ், அந்த நேரம்தான் நான் கால் நீட்டி இருக்கிறது" என்றார் ஒருவர். "அப்பவும் கை சும்மா இருக்காது, உள்ளி உரிக்கும்" என்றார் அடுத்தவர். இன்னொரு அம்மா மெதுவாகச் சொன்னார்: "நான் நாடகம் பாக்கிறதில்லைத் தங்கச்சி. அது ஓடும். வீட்டுக்குள்ள ஒரு மனிசக் குரல் கேக்க வேணும்." அவருடைய மகன் காணாமற்போய்ப் பல வருடங்கள். இரவிலும் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஓடவிட்டுத்தான் படுப்பாராம்.

ஆகவே, "பெண்கள் நாடகம் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள்" என்று மேடைகளில் பேசுகிறவர்களுடன் நான் உடன்படவில்லை. அது அவளுக்கு இருக்கும் ஒரே ஓய்வு. சிலருக்கு அது ஒரே துணை. ஓய்வையும் துணையையும் வேறு வழியில் கொடுக்காமல் பெட்டியை மட்டும் குற்றஞ்சொல்வது நியாயமல்ல.

ஆனால் அதே தாள்களில் இன்னொன்றும் தெரிந்தது. நமது வீட்டுத்திட்ட வீடுகளில் நல்ல வெளிச்சம் உள்ள அறை பெரும்பாலும் ஒன்றுதான். அது மண்டபம். தொலைக்காட்சியும் அங்கேதான். பிள்ளை படிக்க வேண்டிய மேசையும் அங்கேதான். ஆறு தொடக்கம் எட்டு மணி வரை இரண்டும் மோதுகின்றன. நாடகத்தில் அழுகைச் சத்தம் கேட்கக் கேட்கக் கணக்குச் செய்யும் பிள்ளையின் நிலையை யோசியுங்கள். சாதாரணதரப் பரீட்சை எழுதப்போகும் ஒரு பிள்ளை தாயிடம் ஒன்றும் சொல்லவில்லையாம். அம்மாவுக்கு வேறு சந்தோசம் இல்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதனால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்திருக்கிறாள். தாய் இதைச் சொல்லும்போது குழு அமைதியாகிவிட்டது.

அன்றைக்கே ஓர் ஒழுங்கையில் உள்ள ஐந்து வீட்டார் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இலண்டனில் அரசு மூடிய அந்த ஒரு மணித்தியாலத்தை இங்கே தாங்களே மூடுவது என்று. ஆறரை தொடக்கம் ஏழரை வரை தொலைக்காட்சியும் போனும் நிற்கும். ஐந்து வீட்டிலும் ஒரே நேரம் என்பதுதான் இதில் முக்கியம். ஒரு வீட்டில் மட்டும் நின்றால் பக்கத்து வீட்டுச் சத்தம் பிள்ளையை இழுக்கும். தவறவிட்ட நாடகம் மறுநாள் பகலில் மறுஒளிபரப்பாக வரும், அல்லது போனில் கிடைக்கும். ஒன்றும் நட்டமில்லை.

அந்த நேரத்தில் தாய் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பிள்ளைக்குப் பக்கத்தில் சமைத்துக்கொண்டு நிற்பதா? "இல்லை, நாங்களும் இருப்பம்" என்றார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் பாயைப் போட்டு ஐவரும் இருக்கிறார்கள். கதைக்கிறார்கள். கதைக்க ஒன்றும் இல்லாத நாளில் சும்மா இருக்கிறார்கள். மனிசக் குரல் வேண்டும் என்ற அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஏழரைக்கு எழும்பிப்போய் நாடகம் பார்க்கிறார்கள். எல்லா நாளும் சரிவருவதில்லை. நெல் அறுவடைக் காலத்தில் குழம்பியது. மழை பெய்தால் முற்றம் இல்லை. ஆயினும் விட்டுவிடவில்லை.

உங்கள் ஊரிலும் இதைச் செய்து பார்க்கலாம் சகோதரிகளே. மூன்று விடயங்களை மட்டும் கவனியுங்கள்.

முதலாவது, நேரத்தை நீங்களே தெரிவு செய்யுங்கள். கடலுக்குப் போகும் குடும்பத்தின் நேரம் வேறு, வயல் செய்யும் குடும்பத்தின் நேரம் வேறு. வெளியிலிருந்து வரும் நாங்கள் சொல்லும் நேரம் உங்களுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, இதைப் பெண்ணை அடிக்கும் தடியாக்க விடாதீர்கள். வீட்டில் ஆண்கள் இருந்தால் அவர்களுடைய செய்தியும் கிரிக்கெட்டும் போனும் அந்த நேரத்தில் நிற்க வேண்டும். மூடுவதென்றால் எல்லோருக்கும் மூட வேண்டும்.

மூன்றாவது, அந்த மணித்தியாலத்தில் உங்களுக்கென்று ஒரு பங்கு வையுங்கள். முழுவதையும் பிள்ளைக்கும் அடுப்புக்கும் கொடுத்துவிட்டால் உங்கள் தாளில் இன்னொரு வேலைதான் கூடும்.

இந்த இதழை வாசித்து முடித்ததும் ஒரு கொப்பித் தாளை எடுங்கள். உங்கள் நேற்றைய நாளை மணிக்கணக்காக எழுதுங்கள். எந்த மணித்தியாலத்தை நீங்கள் வகுத்தீர்கள், எதை மற்றவர்கள் வகுத்தார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். பிறகு அதை அயலில் ஒரு பெண்ணுக்குக் காட்டி, அவரையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கிருந்து தொடங்கலாம் என்று உங்களுக்கே தெரியும். தெரிந்ததை நமது இதழுக்கும் எழுதி அனுப்புங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.